புரொபசர் வாசிக்கிறார்

“கையை விடு பாப்பா. அவர் வாசிக்கிறார்.”

தலையணையைச் சரிசெய்ய அப்பாவின் மணிக்கட்டைத் தூக்கியிருந்த மகள், அம்மாவின் குரல் கேட்டு அப்படியே நின்றாள். நாற்பதைத் தாண்டிய பிறகும் அந்த வீட்டில் அவள் பாப்பாதான். கையை மெதுவாகப் போர்வையின் மேல் திரும்ப வைத்தாள். வைத்த மறுகணம் விரல்கள் மறுபடி ஆரம்பித்தன. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தட்டின. கட்டைவிரல் துணியை இழுத்துத் தேய்த்தது. திரும்பவும் தட்டல்.

“பாத்தியா?” என்றாள் அம்மா. “டிரம்ஸ்ல குச்சிக்குப் பதிலா பிரஷ் வச்சு வாசிக்கிற மாதிரியே இல்ல?”

நேற்று மதியத்திலிருந்து அப்பா கண் திறக்கவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. கை மட்டும் ஓயவில்லை. விடிந்ததிலிருந்து இன்னும் கூடியிருந்தது.

கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்த நர்ஸ், மகளைப் பார்த்துக் கண்ணால் வாசலைக் காட்டினாள். இருவரும் ஹாலுக்கு வந்தார்கள்.

“அக்கா, கடைசி நேரத்துல நிறைய பேருக்கு இப்படித்தான் கை அலையும். போர்வையைப் பிடுங்குவாங்க, காத்துல எதையோ எடுப்பாங்க. உள்ளே அவருக்கு நிம்மதி இல்லைன்னு அர்த்தம். தாடையைப் பாத்தீங்களா, எப்படி இறுக்கிக் கடிச்சிருக்கார்னு? இதுக்கு ஊசி இருக்கு. பெரிய டாக்டர் காலையிலேயே சொல்லிட்டார். போட்டா அடங்கித் தூங்கிடுவார்.”

“அப்புறம் முழிப்பாரா?”

“அநேகமா மாட்டார். ஊசி போடலைன்னாலும் மாட்டார். தூக்கத்துல போறதா, இப்படித் தவிச்சுக்கிட்டே போறதா, அவ்வளவுதான் வித்தியாசம்.” நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். “அம்மாகிட்ட சொன்னேன். அவர் வாசிக்கிறார், நீ நிறுத்தப் பாக்கிறியான்னு என்னை ஒரு பார்வை பாத்தாங்க. அவங்க சரின்னு சொல்லாம நான் எப்படிப் போடறது? நீங்க பேசுங்களேன்.”

மகள் திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்குக் கீழே பேருந்து நிறுத்தத்தில் ஒரு பஸ் வந்து நின்று, பெருமூச்சு விட்டுக் கதவைத் திறந்தது.

“அம்மா, நர்ஸ் சொல்றது…”

“தெரியும். வயசுப் பொண்ணு, பாவம். அவளுக்கு இவரைத் தெரியாது. இவர் கை ஓஞ்சா இவரே ஓஞ்ச மாதிரி. அதை நான் எதுக்கு ஊசி போட்டு ஓய வைக்கணும்?” அம்மா போர்வையின் மடிப்பை நீவிவிட்டாள், விரல்களுக்கு வாகாக. “வலியில ஆடற கையா இருந்தா நானே போடச் சொல்லியிருப்பேன். நானென்ன ராட்சசியா? வாசிக்கிற கையைத்தான் நிறுத்த மாட்டேன். கிளப்புல அவர்கூட வாசிக்கிற தூணுக்குப் போன் பண்ணிட்டேன். அவன் வந்து கேட்டுச் சொல்லட்டும்.”

அப்பாவுக்கு இரண்டு பட்டப்பெயர்கள். பல்கலைக்கழகத்தில் டமாரம். ராத்திரி வாசிக்கும் கிளப்பில் புரொபசர். இங்கே போனால் அங்கத்திய ஆள் என்றும், அங்கே போனால் இங்கத்திய ஆள் என்றும் சொன்னார்கள். அவர் இரண்டு பெயருக்கும் திரும்பிப் பார்த்தார்.

பத்தொன்பது வயதில் பயணிகள் படகு ஒன்றில் மாலை நேர நடனத்துக்கு டிரம்ஸ் வாசிக்கச் சேர்ந்தவர். பகலில் மேல்தளத்தில் உட்கார்ந்து பட்டப்படிப்புக்குப் படித்தார். கரைக்கு வந்த பிறகு ஒரு நிலவறை கிளப்பில் ஜாஸ் குழு. அங்கேதான் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசிக்கும் தூண் கூட்டாளியானார். அந்தக் கிளப்பில் பாட்டில்களை வைக்கும் ஒரு பழைய குளிர்பெட்டி இருந்தது. ‘டக் டக்’ என்று சத்தம் போடும். ஒருநாள் வாசித்து முடித்ததும் அப்பாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. நாம் இருவரும் இவ்வளவு நேரம் அந்தப் பெட்டியின் தாளத்துக்கல்லவா வாசித்தோம்? மறுநாள் பகலில் ஒரு ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுபோய் அளந்து பார்த்தார். பெட்டியின் சத்தத்தில் தாளமே இல்லை. ஒரு டக்குக்கும் அடுத்த டக்குக்கும் நடுவே இஷ்டத்துக்கு இடைவெளி. தாளம் கேட்டவர்களின் தலைக்குள் இருந்தது.

அந்தக் குளிர்பெட்டிதான் என் வழிகாட்டிப் பேராசிரியர் என்பார். தாளம் இல்லாத இடத்தில் மனித மனம் எப்படித் தாளம் கேட்கிறது என்று அவர் செய்த ஆராய்ச்சி, முனைவர் பட்டமாகி, ‘இல்லாத தாளம்’ என்ற புத்தகமாகி, நான்கைந்து மொழிகளுக்குப் போனது. அதற்குள் அவர் வெளிநாடுகளில் வாசித்தார், மூன்று இசைத்தட்டுகள் போட்டார், துறைத்தலைவர் ஆனார், அந்தப் பதவியை ஒரே வருஷத்தில் திருப்பிக் கொடுத்தார். மாலை நேரக் கூட்டங்கள் வாசிப்புக்கு இடைஞ்சல் என்று கடிதத்திலேயே எழுதிவிட்டார்.

“அவருக்கு மூத்தவ டிரம்ஸ், ரெண்டாவது புத்தகம். நான் மூணாவதா வாக்கப்பட்டேன்” என்பாள் அம்மா, யார் கேட்டாலும்.

கல்யாணமான புதிதிலிருந்து கிளப்பின் முன்வரிசை ஓர நாற்காலி அவளுடையது. மகள் பிறந்ததும் மகளையும் மடியில் போட்டுக்கொண்டு போனாள். டிரம்ஸ் சத்தத்தில் தூங்கிய குழந்தை, வீட்டின் நிசப்தத்தில் அழும்.

அந்தக் குழந்தைக்குத் தாளம் மட்டும் வரவேயில்லை. அப்பா வகுப்பில் ஒரு சோதனை செய்து காட்டுவார். தண்ணீர் சொட்டும் சத்தத்தைப் போடுவார். மாணவர்கள் தங்களை அறியாமல் காலால் தட்டத் தொடங்குவார்கள். “நல்ல தாளம், இல்லையா?” என்று கேட்டுவிட்டு, “ஒவ்வொரு சொட்டுக்கும் எவ்வளவு இடைவெளின்னு பகடை உருட்டி முடிவு பண்ணினது என் பொண்ணு. அவளுக்குத் தாளம் சுத்தமா கிடையாது. அதனாலதான் அவளை வேலைக்கு வச்சேன்” என்பார். அரங்கம் சிரிக்கும்.

மகள் காது பரிசோதனை செய்பவளானாள். கண்ணாடி அறைக்குள் ஹெட்போனோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். இவள் வெளியிலிருந்து மெல்லிய ஒலிகளை அனுப்புவாள். கேட்டால் அவர் விரலைத் தூக்கவேண்டும். நடுவில் வேண்டுமென்றே ஒன்றும் அனுப்பாமல் சும்மா இருப்பாள். அப்போதும் சிலர் விரலைத் தூக்குவார்கள். பொய் சொல்வதில்லை. கேட்கவேண்டும் என்ற ஆசை அவ்வளவு. அந்த விரல்களை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை.

*

பேராசிரியை பத்து மணிக்கு வந்தார். அப்பாவின் சக ஆராய்ச்சியாளர். புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் பாதி இவர் எழுதியது. கைத்தடியைக் கட்டில் காலில் சாய்த்துவிட்டு, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார்.

“வாசிக்கிறார் மேடம்” என்றாள் அம்மா.

பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவர் சங்கடப்படும்போது அப்படிச் செய்வார் என்று மகளுக்குத் தெரியும்.

சற்று நேரத்தில் தூண் வந்தார். அந்தக் கட்டடத்தின் லிப்ட் சிறியது. பேஸ் லிப்டில் ஏறி வந்தது. அவர் மூன்று மாடி படியேறி வந்தார். ஆள் உயரத்துக்கும் மேலே கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மர வாத்தியத்தைக் கதவுக்குள் சாய்த்து நுழைத்து, படுக்கையறை வரைக்கும் கொண்டுவந்து, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்திவிட்டு, மூச்சு வாங்கினார்.

“எதுக்கு சித்தப்பா இதைத் தூக்கிட்டு வந்தீங்க?” என்றாள் மகள்.

“அண்ணி போன்ல அண்ணன் வாசிக்கிறார்னாங்க. நான் மட்டும் கையை வீசிட்டு வந்தா நல்லாவா இருக்கும்?”

எழுபது வயது. மேடையில் வாத்தியத்தோடு சேர்ந்து நிமிர்ந்து நின்றால் கடைசிவரை அசையமாட்டார் என்பதால் வந்த பெயர் தூண். அவர் கட்டிலருகே குனிந்து, காதைக் கையருகே கொண்டுபோய்க் கேட்டார். முகம் மெல்ல மலர்ந்தது.

“அட. ‘கடைசிப் படகு’ பாட்டு அண்ணி இது.”

“‘கடைசிப் படகு’ இல்ல. ‘ஈரக்குடை’” என்றாள் அம்மா. “காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

“‘ஈரக்குடை’ மூணு மூணா போகும். இது நாலு.”

“எனக்கு நீ சொல்லித்தரப் போறியா? அதை அவர் கட்டினதே எங்க பழைய வீட்டுச் சமையலறையில. சாம்பார் கரண்டிய எடுத்து…” அம்மா நிறுத்தினாள். “சரி, அது எதுக்கு இப்ப. மூணுதான்.”

பேராசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “ரெண்டு பேருக்கு ரெண்டு பாட்டு கேக்குது. அஞ்சாவது அத்தியாயம்.”

“என்ன மேடம் சொல்றீங்க?” என்றார் தூண்.

“நான் சொல்லலை சார். அவர் எழுதினது. வேணும்னா பக்கம் சொல்றேன். ஒழுங்கில்லாத தட்டலைக் கொடுத்தா ஆளாளுக்கு அவங்கவங்க மனசுல இருக்கற பாட்டைக் கேப்பாங்கன்னு. நாப்பது வருஷமா உங்க கூடத்தானே இருந்தார், ஒரு தடவையாவது அந்தப் புத்தகத்தைப் பிரிச்சீங்களா?”

“அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பக்கம் வரைக்கும் படிச்சேன்.”

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

மகள் கண்ணை மூடிக் கேட்டாள். தட், தட்தட், தேய்ப்பு, தட். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெதுவாக, அவளுக்கும் கேட்டது. சின்ன வயதில் அம்மா மடியில் படுத்துக்கொண்டு நாற்காலியின் மரம் வழியாகக் கேட்ட அந்த அதிர்வு. தாளமே வராத தனக்கும் கேட்கிறதே என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கண்ணைத் திறந்து, கையைப் பார்க்காமல், முகத்தைப் பார்த்தாள்.

அப்பா வாசிக்கும்போது அவர் முகத்தில் ஒன்றுமே இருக்காது. தாடை தொங்கி, வாய் லேசாகத் திறந்திருக்கும். தூங்குகிறவர் மாதிரி. “ஈ போகப் போகுது” என்று அம்மா முன்வரிசையிலிருந்து சைகை காட்டுவாள். இப்போது புருவங்கள் நடுவில் முட்டிக்கொண்டிருந்தன. தாடை நரம்பு புடைத்திருந்தது. மூச்சை விடும்போதெல்லாம் தொண்டையில் ஒரு சின்ன முனகல்.

இது வாசிக்கும் முகமில்லை.

அதைச் சொல்லிவிடலாம். சொன்னால் அம்மா ஊசிக்குச் சம்மதிப்பாள். ஆனால் தன் கணவர் கடைசிப் பகலில் தனக்கு முன்னால் வாசித்துக்கொண்டிருந்தார் என்று காலையிலிருந்து பிடித்துக்கொண்டிருப்பதை அவள் கையிலிருந்து பிடுங்கவேண்டும். ஆமாம், வாசிக்கிறார் என்று சொல்லிவிட்டால் அம்மா பிழைத்துக்கொள்வாள். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டே கிடப்பார்.

“மேடம்” என்றாள் அம்மா, பேராசிரியையிடம். குரலில் கோபம் இல்லை. “வாசிக்கிறவன் யாரு, சும்மா கையாட்டறவன் யாருன்னு கண்டுபிடிக்கறதுக்கு அவர் ஏதோ எழுதியிருக்காரே. எங்கிட்ட சொல்லியிருக்கார். அது என்ன?”

பேராசிரியை தயங்கினார். “பக்கத்துல ஒருத்தர் வேணும்னே தப்பு பண்ணணும். வேகத்தைக் கொஞ்சம் மாத்தணும். கேட்டுக்கிட்டு வாசிக்கிறவர்னா அவரும் கூடவே மாறுவார். குளிர்பெட்டி மாறாது.”

“அதைத்தான் சொன்னேன்.” அம்மா தூணைப் பார்த்தாள். “வாசி. நடுவுல மாத்து. அவர் உன்கூட வர்றாரான்னு பாத்துடலாம்.”

“அண்ணி, அதெல்லாம் எதுக்கு…”

“அவர் சொன்ன சோதனைதானே. அவருக்கே பண்ணக் கூடாதா? வந்தார்னா இந்த ஊசிப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. வரலைன்னா…” அம்மா போர்வையைப் பார்த்தாள். “வரலைன்னா போட்டுடட்டும்.”

தூண் உறையைக் கழற்றினார். வாத்தியத்தைத் தோளில் சாய்த்து, முறுக்காணிகளைத் திருகிச் சுருதி பார்த்தார். அறை சிறியது. முதல் தந்தியைத் தொட்டதும் மருந்துத் தட்டில் இருந்த கண்ணாடிக் குப்பிகள் மெல்ல நடுங்கின. நர்ஸ் அவற்றை உள்ளங்கையால் மூடினாள்.

“எந்தப் பாட்டு?” என்றார்.

“நீ சொன்னதையே வாசி. ‘கடைசிப் படகு.’”

“வேண்டாம். ‘ஈரக்குடை’ வாசிக்கிறேன். உங்க சமையலறைப் பாட்டு.”

மெதுவாகத் தொடங்கினார். கனமான, தாழ்ந்த ஒலி. அதன் பக்கத்தில் போய் விரல்களின் தட்டல் உட்கார்ந்தது. உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. அம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். அவள் முதுகு நிமிர்ந்திருந்தது, முன்வரிசை ஓர நாற்காலியில் இருப்பவள் மாதிரி. பேராசிரியைகூட நாற்காலியில் முன்னால் நகர்ந்து வந்திருந்தார்.

“இப்ப” என்றாள் அம்மா.

தூண் வேகத்தைக் குறைத்தார். கொஞ்சம்தான்.

மகள் அப்பாவின் கையையும் தூணின் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். அது அவள் தினமும் செய்யும் வேலை. ஒலி எப்போது போனது, விரல் எப்போது அசைந்தது. தந்தி ஒருபக்கம் மெதுவாக நடந்தது. போர்வைமேல் விரல்கள் பழையபடியே, எதையும் கேட்காமல், தட்டி, இழுத்து, தட்டின. இரண்டும் விலகின. இன்னும் விலகின. அறைக்குள் இரண்டு தனித்தனிச் சத்தங்கள் இருந்தன. அம்மாவின் தலையாட்டல் நின்றது.

அப்போது தூணின் வலது கை தந்தியின்மேல் ஒரு நொடி தயங்கியது. பிறகு கொஞ்சம் முன்னால் எட்டிப் போட்டது. அடுத்த தட்டலுக்கு இன்னும் கொஞ்சம். மேடையில் கூட்டாளி தடுமாறினால் கேட்பவர்களுக்குத் தெரியாமல் தாங்கிப் பிடிக்கும் கை அது. இரண்டு மூச்சு நேரத்தில் தந்தியும் விரலும் மறுபடி ஒன்றாக இருந்தன.

“வந்துட்டார்” என்றார் தூண். தந்தியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “பாத்தீங்களா அண்ணி. வந்துட்டார்.”

தூணின் வேகத்துக்கு அப்பா போகவில்லை. தூண்தான் வந்தார்.

மகள் பார்த்தாள். பேராசிரியை பார்த்தார். அவர் எதையும் விட்டுக்கொடுக்காதவர். ஒரு காற்புள்ளிக்காக அப்பாவோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தவர். அவர் வாயைத் திறந்தார். பிறகு கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் பிடியைப் பார்த்தபடி இருந்துவிட்டார்.

அம்மா மகள் பக்கம் திரும்பினாள்.

“இவங்க ரெண்டு பேரும் அவருக்கு வேண்டியவங்க. ஒருத்தர் பாசத்துல பேசுவாங்க, ஒருத்தர் புத்தகத்தைப் பேசுவாங்க. நீ சொல்லு பாப்பா. உன் தொழிலே அதுதானே. அவர் வந்தாரா?”

தந்தி ஒலித்துக்கொண்டே இருந்தது. அப்பாவின் தொண்டையில் அந்த முனகல் கேட்டது. மகள் உதட்டை நனைத்துக்கொண்டாள். எந்த வார்த்தையில் தொடங்கினாலும் ஒருவர் கையை விடவேண்டியிருந்தது.

“அம்மா…”

தூண் அவளைப் பார்த்தார். அவள் பார்த்துவிட்டாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நிமிஷம் வாசித்துக்கொண்டே நின்றார். பிறகு இடது கையைத் தந்தியிலிருந்து எடுத்து, நிதானமாக, தன் உச்சந்தலையைத் தொட்டார்.

ஜாஸ் குழுக்களில் எல்லோருக்கும் தெரிந்த சைகை அது. பாட்டை ஒருமுறை வாசித்துவிட்டு, ஆளாளுக்குத் தன் இஷ்டப்படி அதை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போவார்கள். எவ்வளவு நேரம் என்று கணக்கு கிடையாது. போதும் என்று ஒருவருக்குத் தோன்றும்போது உச்சந்தலையைத் தொடுவார். எல்லோரும் பாட்டின் தொடக்கத்துக்குத் திரும்பி வந்து, கடைசியாக ஒருமுறை வாசித்து, முடிப்பார்கள். வாய்ப்பேச்சு தேவையில்லை. அந்தச் சைகையைப் பார்த்ததும்தான் அம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டுவாள். தூங்கும் குழந்தையின் காலில் செருப்பைப் போட்டுவிடுவாள்.

அம்மா அந்தக் கையையே பார்த்தாள்.

“இப்பவேவா?” என்றாள்.

“ரொம்ப நேரமா வாசிச்சுட்டார் அண்ணி. விடிஞ்சதுலேர்ந்து. கை வலிக்கும்ல?”

அம்மா கணவரின் முகத்தைப் பார்த்தாள். அன்று அவள் கையை விட்டு முகத்தைப் பார்த்தது அப்போதுதான் என்று மகளுக்குத் தோன்றியது. அந்தப் புருவத்தைக் கட்டைவிரலால் நீவினாள். அது பிரியவில்லை. கொஞ்ச நேரம் நீவிக்கொண்டே இருந்தாள்.

“தொடக்கத்துலேர்ந்து வாசி” என்றாள் தூணிடம். பிறகு நர்ஸ் பக்கம் திரும்பாமலே, “போடும்மா” என்றாள்.

தூண் ‘ஈரக்குடை’யை முதலிலிருந்து வாசித்தார். பேஸ் தனியாக ஒரு மெட்டை வாசிப்பது அபூர்வம். அதன் குரல் அதற்கென்று ஆனதல்ல. இருந்தாலும் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தார். நர்ஸ் அப்பாவின் மேல்கையில் ஊசியை ஏற்றி, பஞ்சால் அழுத்தி, விலகினாள். தூண் மெட்டை ஒருமுறை முடித்து, மறுமுறை எடுத்தபோது போர்வைமேல் தட்டல் இடைவெளி விட்டு வந்தது. பாதியில் தேய்ப்பு நின்றது. பிறகு நடுவிரல் மட்டும் ஒருமுறை எழுந்து, இறங்கி, துணிமேல் படுத்துக்கொண்டது.

தூண் பார்த்தார். ஆனால் பாதியில் விடவில்லை. மீதிப் பாட்டைத் தனியாக, அதே நிதானத்தில், கடைசி வரைக்கும் வாசித்து, தந்தியை உள்ளங்கையால் பொத்தினார்.

அப்பாவின் புருவம் பிரிந்திருந்தது. தாடை தளர்ந்து, வாய் லேசாகத் திறந்துகொண்டது.

“ஈ போகப் போகுது” என்றாள் அம்மா.

*

அப்பா மாலை வரைக்கும் இருந்தார். பேராசிரியை தன் வழக்கப்படி ஒரு கட்டுரையைப் படித்துக் காட்டினார். யாரோ ஒருவர் ‘இல்லாத தாள’த்தை மறுத்து எழுதியது. நடுநடுவே நிறுத்தி, “இவனுக்குப் புள்ளியியல் தெரியலை” என்று படுக்கையிடம் சொன்னார். தூண் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து தூங்கிப்போனார். மகள் டீ போட்டுக் கொண்டுவந்து, கோப்பைகளை ஜன்னல் திட்டில் வைத்தபோது, அப்பாவின் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவிலான இடைவெளி நீண்டுகொண்டே போவதைக் கவனித்தாள். தட்டைக் கையில் பிடித்தபடியே அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். பேராசிரியை அந்தப் பத்தியை முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

நர்ஸ் வந்து நாடி பார்த்துத் தலையசைத்தாள். அம்மா அவருடைய கையை எடுத்து, நேராக்கி, போர்வைக்குள் வைத்தாள். குளிர் படக்கூடாது என்பது போல.

அதன்பிறகு வீட்டுக்கு வேலை வந்துவிட்டது. போன்கள், கையெழுத்துகள். பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து ஒருவர் அறிவிப்புக்காகக் கேட்டார். பெயருக்குக் கீழே பேராசிரியர் என்று போடுவதா, இசைக்கலைஞர் என்று போடுவதா? மகள் போனைப் பொத்திக்கொண்டு அம்மாவிடம் கேட்டாள்.

“ரெண்டையும் போடச் சொல்லு. ஒண்ணை விட்டா இன்னொருத்தி சண்டைக்கு வருவா” என்றாள் அம்மா, பாத்திரம் கழுவிக்கொண்டே.

வெள்ளை வண்டி வந்து, இரண்டு பேர் அவரை எடுத்துப்போனார்கள். அம்மா கதவு வரைதான் போனாள். கீழே போகவில்லை. “மாடிப்படியில பாத்துங்க, திருப்பத்துல இடிக்கும்” என்று மட்டும் சொன்னாள். பேராசிரியையும் நர்ஸும் அந்த வண்டியின் பின்னாலேயே கிளம்பினார்கள். போகும்போது பேராசிரியை தூணின் தோளைக் கைத்தடியின் பிடியால் லேசாகத் தட்டினார்.

“நல்லா வாசிச்சீங்க சார்” என்றார்.

“நீங்க நல்லா சும்மா இருந்தீங்க மேடம்” என்றார் தூண்.

மகள் சமையலறைக்குள் போனாள். அம்மா கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் குழாயை மூடினாள்.

“தூணு நல்லவன்” என்றாள் அம்மா. கோப்பையைக் கவிழ்த்தாள். “அந்தக் காலத்துலேயும் அவன்தான் அவர் பின்னாடி போவான். இன்னிக்கும் அவன்தான் போனான்.”

மகள் அவளைப் பார்த்தாள்.

“முன்வரிசையில அவ்வளவு வருஷம் உக்காந்திருக்கேன் பாப்பா. யார் யார்கூட வர்றாங்கன்னு எனக்குத் தெரியாதா?” துண்டை எடுத்துக் கையைத் துடைத்தாள். “உன்னைக் கேட்டிருக்கக் கூடாது. உன் மூஞ்சி அப்படியே வெளுத்துப்போச்சு.”

மகள் ஏதோ சொல்லப் போனாள். ஹாலில் தூண் தொண்டையைச் செருமினார்.

“கிளம்பறேன் அண்ணி. காலையில வந்துடறேன்.”

“இரு. இதை நீ ஒருத்தனாவா இறக்குவ? கதவு பிடிக்க ஆள் வேணும்” என்று அம்மா வீட்டுச் செருப்போடு அவர் பின்னாலேயே போனாள்.

மகள் படுக்கையறைக்குப் போய் ஜன்னலருகே நின்றாள். திட்டில் டீ ஆடை கட்டியிருந்தது. கீழே தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. நடைபாதையை ஒட்டித் தூணின் பழைய கார் நின்றது. முன்சீட்டை முழுவதுமாக மடக்கினால்தான் பேஸ் அதற்குள் போகும். அவர் வாத்தியத்தை நடைபாதையில் நிமிர்த்தி, அம்மாவிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, காருக்குள் குனிந்தார்.

அம்மாவைவிட அது உயரம். அவள் ஒரு கையை அதன் இடுப்பில் சுற்றி, இன்னொரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வந்தது. இறங்கியவர்கள் இரண்டு பக்கமும் விலகி நடந்தார்கள். ஒருவர் உதவட்டுமா என்று கேட்டிருக்கவேண்டும், அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பஸ் போய்விட்டது. அம்மா கன்னத்தை அந்த உறையின்மேல் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

தூண் சீட்டை மடக்கி முடித்து நிமிர்ந்தார். திரும்பி அவளைப் பார்த்தார். மறுபடி காருக்குள் குனிந்து, மடங்கியிருந்த சீட்டை நிமிர்த்தி, முதலிலிருந்து மடக்கத் தொடங்கினார்.